சேலம் சி. விஜயராகவாச்சாரியார்

சேலம் சி. விஜயராகவாச்சாரியார் (ஜூன் 18, 1852 – ஏப்ரல் 19, 1944) இந்திய விடுதலைப் போராட்டத் தலைவர்களுள் ஒருவர்; வழக்கறிஞர்; சட்டமன்ற உறுப்பினர். 1920ஆம் ஆண்டு நாக்பூரில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை வகித்தவர். சேலம் வீரர் என்றும் தென்னிந்தியாவின் சிங்கம் என்றும் அழைக்கப்பட்டார். காங்கிரஸ் தலைவர்களின் பட்டியலில் ஒரு பெயராக மட்டுமே இன்று பலரும் இவரை அறிகின்றனர். ஆனால் இவரது வாழ்வில் அதனினும் முக்கியமான நிகழ்வு அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்னரே நடந்துவிட்டது. கலவரத்தைத் தூண்டினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டுப் பத்தாண்டுத் தண்டனை பெற்ற இவர், மேல்முறையீட்டில் விடுதலை பெற்றார். பின்னர், தம்மை நகராட்சிப் பதவியிலிருந்து நீக்கிய அரசின் மீதே வழக்குத் தொடுத்து அதிலும் வென்றார்.

பிறப்பும் கல்வியும்

விஜயராகவாச்சாரியார் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள பொன்விளைந்தகளத்தூரில் ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்தார். நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவரின் ஊராகச் சொல்லப்படுவதும் இதுவே. தந்தையார் சடகோபாச்சாரியார் சமயக் கடமைகளை மேற்கொண்டிருந்தவர். ஆகவே மகனின் தொடக்கக் கல்வியும் வேதமும் வடமொழியுமாகவே அமைந்தது. ஆங்கிலம் கற்கத் தொடங்கியபோது இவருக்கு வயது பன்னிரண்டு. தாமதமாகத் தொடங்கினாலும் 1870இல் சென்னையில் பள்ளி இறுதித் தேர்வில் மாகாணத்தில் இரண்டாமவராகத் தேறினார். 1875இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, அங்கேயே விரிவுரையாளராகவும் அமர்த்தப்பட்டார். பின்னர் மங்களூர் அரசுக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். அப்பணி இவருக்கு ஒத்துவரவில்லை. சில ஆண்டுகளில் விலகினார்.

அதன்பின் சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் கற்பித்தார். சட்ட வகுப்பு எதிலும் சேராமல் தாமே படித்துத் தேர்வெழுதி, 1881இல் வழக்கறிஞரானார். அன்று முதல் சேலமே இவரது ஊராயிற்று. பிறந்த ஊர் களத்தூர் என்பதைப் பலரும் மறந்து, சேலம் என்பதையே இவர் பெயரின் முன்னொட்டாகக் கொள்ளும் அளவுக்கு இந்த இணைப்பு நிலைத்தது.

அக்காலச் சேலம்

அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய சேலம் மாவட்டத்தைவிடப் பெரிது. இராசிபுரம், திருச்செங்கோடு ஆகிய இன்றைய நாமக்கல் மாவட்டப் பகுதிகளும், ஓசூர், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகியவையும் அதற்குள் அடங்கியிருந்தன (நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான்). திருமணிமுத்தாற்றின் கரையில் அமைந்த சேலம் நகரம் நெசவுக்கும் வணிகத்துக்கும் பெயர் பெற்றது. 1866இல் நகராட்சியானது. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற செவ்வாய்ப்பேட்டை அதன் வணிக மையம்.

அந்நாளைய நகராட்சிகள் இன்றுள்ளவை போன்றவை அல்ல. 1871ஆம் ஆண்டின் சென்னை நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் அவை இயங்கின. வரி விதிப்பதும், சாலை, விளக்கு, துப்புரவு ஆகியவற்றைக் கவனிப்பதும் அவற்றின் வேலை. மாவட்ட ஆட்சியரின் கை அவற்றில் ஓங்கியிருந்தது. உறுப்பினரைத் தவறான நடத்தைக்காக நீக்கும் அதிகாரம் ஆளுநரிடமும் அவரது ஆலோசனை அவையிடமும் இருந்தது. உள்ளாட்சிகளில் இந்தியருக்குக் கூடுதல் இடமளிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை வைசிராய் ரிப்பன் பிரபு 1882 மே மாதம் வெளியிட்டார். விஜயராகவாச்சாரியார் சேலம் நகராட்சி மன்ற உறுப்பினரானதும் அதே ஆண்டில்தான். வழக்கறிஞராகி ஓராண்டே ஆகியிருந்தது, வயது முப்பது.

1882ஆம் ஆண்டுக் கலவரம்

செவ்வாய்ப்பேட்டைப் பகுதியில், இந்துக்களின் ஊர்வலங்கள் செல்லும் வழியருகே பள்ளிவாசல் கட்டப்பட்டது குறித்துச் சில காலமாகவே பூசல் இருந்து வந்தது. பள்ளிவாசலின் முன் மேளதாளத்துடன் ஊர்வலம் செல்லலாமா, கூடாதா என்பதே அதன் மையம். 1882இல் இப்பூசல் பெருங்கலவரமாக மூண்டு, நகரில் பெருஞ்சேதத்தை விளைவித்தது.

பொதுச்சாலையில் வாத்தியங்களுடன் ஊர்வலம் செல்வது தொடர்பான வழக்குகள் அவ்வாண்டுகளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் பலமுறை வந்தன. 1880களின் தொடக்கத்தில் முடிவான முத்தியாலு செட்டி வழக்கும் சுந்தரம் செட்டி வழக்கும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. பொதுச்சாலை எல்லாச் சமயத்தாருக்கும் பொது. அதில் ஊர்வலம் செல்ல எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் பிறர் வழிபாட்டுக்கு இடையூறு செய்யலாகாது. அமைதிக்காக நடுவர் இடும் ஆணைக்கும் போக்குவரத்து ஒழுங்குக்கும் உட்பட வேண்டும் என்பது இத்தகைய தீர்ப்புகளின் சாரம். 1924இல் இலண்டன் பிரிவி கவுன்சில், வட இந்திய வழக்கு ஒன்றில் இக்கொள்கையை ஏற்றது. இன்றும் ஊர்வல உரிமை பற்றிய வழக்குகளில் இத்தீர்ப்புகள் எடுத்துக்காட்டப்படுகின்றன.

கலவரத்துக்குப் பின் அரசு பலரைக் கைது செய்து வழக்குத் தொடுத்தது. கலவரத்தைத் தூண்டியவர்களுள் ஒருவர் என்று விஜயராகவாச்சாரியார் மீதும் குற்றஞ்சாட்டப்பட்டது. கீழ்நிலை நீதிமன்றம் இவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தது. அத்தகைய நீண்ட தண்டனை பெற்றவர்களை அந்தமானுக்கு அனுப்புவது அக்கால வழக்கம். சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யப்பட்டது. நீதிமன்றம் தண்டனையை நீக்கி இவரை விடுதலை செய்தது.

தாம் தப்பியதோடு இவர் நின்றுவிடவில்லை. இதே கலவரம் தொடர்பில் தவறாகச் சேர்க்கப்பட்டுத் தண்டனை பெற்றவர்களை விடுவிக்குமாறு ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டார். இவர்கள் அந்தமான் செல்லுலார் சிறையில் அடைக்கப்படவிருந்தனர் என்று சில நூல்களில் காணப்படுகிறது. அது காலப்பிழை. செல்லுலார் சிறையின் கட்டுமானம் 1896இல் தொடங்கி 1906இல்தான் முடிந்தது. 1858 முதலே அந்தமான் கைதிகளின் குடியிருப்பாக இருந்து வந்ததால் இக்குழப்பம் நேர்ந்திருக்கலாம்.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஒருவர் விடுதலையானார் என்பதால் கலவரத்தில் பாதிக்கப்பட்டோரின் இழப்பு இல்லாமற் போகாது. சேலம் முஸ்லிம்களுக்கு 1882 வேறொரு வகையில் நினைவுகூரப்பட வேண்டிய ஆண்டு. விஜயராகவாச்சாரியாரைப் போற்றும் வரலாறுகள் பெரும்பாலும் இதனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. குற்றம் செய்யாதவரைத் தண்டிப்பது, பாதிக்கப்பட்டவருக்கும் நீதி ஆகாது என்பதே இவ்வழக்கிலிருந்து பெறத்தக்க செய்தியாகும்.

அரசின் மீது தொடுத்த வழக்கு

குற்றச்சாட்டைக் காரணங்காட்டிச் சென்னை அரசு இவரை நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியிருந்தது. அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் கிராண்ட் டஃப். விடுதலை பெற்ற பின்னரும் பதவி திரும்பவில்லை. மனுக்கொடுத்துக் காத்திருப்பதே அந்நாளைய நடைமுறை. விஜயராகவாச்சாரியாரோ நீதிமன்றம் சென்றார்.

எதிர்வாதி இந்தியாவுக்கான அரசுச் செயலாளர், அதாவது இலண்டனில் இருந்த பிரித்தானிய அமைச்சர். இதற்குக் காரணம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்து நேரடி அரச ஆட்சி வந்தபோது இயற்றப்பட்ட 1858ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், கம்பெனியின் மீது தொடுத்திருக்கக்கூடிய வழக்குகளை இனி அரசுச் செயலாளர் மீது தொடுக்கலாம் என்று விதித்தது. இங்கிலாந்தில் அரசரின் மீது குடிமகன் வழக்காட முடியாத காலத்தில், இந்தியாவில் இப்படியொரு வாயில் திறந்திருந்தது ஒரு விந்தை. வணிகக் கம்பெனி ஒன்று நாட்டை ஆண்டதன் எதிர்பாராத விளைவு என்று இதனைக் கூறலாம்.

ஆனால் அவ்வாயில் எவ்வளவு அகலமானது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. கல்கத்தா உச்ச நீதிமன்றம் 1861இல் ஒரு நீராவிக் கப்பல் நிறுவனத்தின் வழக்கில், அரசு வணிகர் போலச் செய்யும் செயல்களையும் இறையாண்மை அதிகாரத்தால் செய்யும் செயல்களையும் வேறுபடுத்தியது. பின்னவற்றின் மீது வழக்காட இயலாது என்று அதற்குப் பொருள் கொண்டோர் பலர். சென்னை உயர் நீதிமன்றம் 1882இல் அரி பாஞ்சி வழக்கில் வேறு வழியில் சென்றது. உப்பு வரி பற்றிய அவ்வழக்கில், ஒரு சட்டத்தின் பெயரால் அரசு செயல்படுமானால், அச்செயல் அச்சட்டத்துக்கு உட்பட்டதுதானா என்று நீதிமன்றம் ஆராயலாம் என்று முடிவு செய்தது. சேலம் நகராட்சி வழக்கு இத்தீர்ப்பை அடுத்து வந்தது. உறுப்பினரை நீக்கும் அதிகாரம் 1871ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்ததே. ஆகவே அச்சட்டம் சொல்லும் வரம்பும் அதற்கு உண்டு.

1884இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவறான நடத்தைக்காக ஒருவரை நீக்க வேண்டுமெனில், அவர்மீதுள்ள குற்றச்சாட்டை அவருக்குத் தெரிவித்து, விளக்கம் சொல்ல வாய்ப்பளித்திருக்க வேண்டும். அவ்வாறு செய்யாத நீக்கம் செல்லாது என்பதே முடிவு. விஜயராகவாச்சாரியார் பதவியைத் திரும்பப் பெற்றார். இழப்பீடாக 100 ரூபாயும் கிடைத்தது. மாகாண ஆளுநரின் ஆணை ஒன்று, சேலத்து வழக்கறிஞர் ஒருவர் கேட்டதற்காகச் செல்லாததாயிற்று என்பதே பெரிய செய்தி. தொகை சிறிது என்பது எவருக்கும் பொருட்டாகத் தோன்றவில்லை.

எதிர்த்தரப்பைக் கேளாமல் முடிவெடுக்கலாகாது என்னும் விதி, இயற்கை நீதிக் கோட்பாடுகளுள் முதன்மையானது. இங்கிலாந்தில் 1863ஆம் ஆண்டின் கூப்பர் வழக்கு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. முன்னறிவிப்பின்றிக் கட்டப்பட்ட வீடொன்றை இலண்டனின் உள்ளாட்சி வாரியம் இடித்தது. சட்டம் வாரியத்துக்கு அவ்வதிகாரத்தைக் கொடுத்திருந்தாலும், உரிமையாளரை ஒரு சொல் கேட்காமல் இடித்தது தவறு என்று நீதிமன்றம் கூறியது. சட்டம் வாய் திறவாமல் இருந்த இடத்தில் நீதி தன் குரலைச் சேர்த்தது. சேலம் வழக்கில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. வேறுபாடு, இங்கே எதிர்த்தரப்பில் நின்றது அந்நிய ஆட்சியின் மாகாண அரசு. பிற்காலத்தில் இந்திய அரசியலமைப்பின் 311ஆம் உறுப்பு, அரசு ஊழியரை விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்வதைத் தடுத்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், கடவுச்சீட்டைப் பறிமுதல் செய்வதற்கும் இவ்விதி பொருந்தும் என்று விரித்தது. இன்று பள்ளி மாணவரை நீக்குவது முதல் கூட்டுறவுச் சங்க நிர்வாகியை நீக்குவது வரை, விளக்கம் கேட்கும் அறிவிப்பு ஒன்று முதலில் அனுப்பப்படுகிறது. இவ்வழக்கம் இயல்பாக வந்ததன்று. இதுபோன்ற வழக்குகளால் வந்தது.

காங்கிரசிலும் சட்டமன்றங்களிலும்

சேலம் வழக்குகள் இவரை மாகாணம் முழுதும் அறியச் செய்தன. காங்கிரசின் நிறுவனர்களுள் ஒருவரான ஏ. ஓ. ஹியூமுடன் நெருக்கமான தொடர்பு கொண்டிருந்த இவர், 1885இல் பம்பாயில் கூடிய முதல் மாநாட்டுக்கே அழைக்கப்பட்டார். 1887இல் சென்னையில் கூடிய மூன்றாம் மாநாட்டில் அமைப்புக்கான விதிகளை வரைந்தோருள் ஒருவராக இருந்தார்.

1892ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டத்தின்படி உள்ளாட்சிகள் முதலியவற்றின் வழியே மாகாணச் சட்டமன்றத்துக்குச் சிலர் தெரிவாயினர். விஜயராகவாச்சாரியார் 1895இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார்; 1901 வரை ஆறாண்டுகள் பணியாற்றினார். 1913 முதல் 1916 வரை தில்லியில் இம்பீரியல் சட்டமன்றத்தில் இருந்தார். கோபால கிருஷ்ண கோகலே, மதன் மோகன் மாளவியா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோர் இவருடைய சமகால உறுப்பினர்கள்.

இக்காலத்தில், 1915 மார்ச்சில், இந்தியப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. முதல் உலகப் போரைக் காரணமாகக் கொண்டு வந்த இச்சட்டம், விசாரணையின்றி ஒருவரைக் காவலில் வைக்கவும், மூன்று ஆணையர் கொண்ட சிறப்பு நீதிமன்றத்தில் விசாரிக்கவும் வகை செய்தது. அத்தகைய நீதிமன்றத்தின் தீர்ப்பின் மீது மேல்முறையீடு கிடையாது. 1882இல் சேலத்திலும் மேல்முறையீடு இல்லாதிருந்தால் விஜயராகவாச்சாரியாரின் வாழ்வு அந்தமானில் கழிந்திருக்கும். போருக்குப் பின் 1919இல் வந்த ரௌலட் சட்டமும் இதே போக்கில் அமைந்தது; அதற்கெதிராக நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியும் அதனையொட்டிய ஜாலியன்வாலா பாக் படுகொலையும் அனைவரும் அறிந்தவை. இதற்கிடையே, 1918இல் பம்பாயில் கூடிய காங்கிரசின் சிறப்பு மாநாடு, சட்டத்தின் முன் சமத்துவம், முறையான நீதிமன்ற விசாரணையின்றித் தண்டனை கூடாது, பத்திரிகைச் சுதந்திரம் ஆகியவற்றைக் கொண்ட உரிமைப் பிரகடனத்தைக் கோரியிருந்தது.

சேலம் வழக்கறிஞர்கள்

விஜயராகவாச்சாரியார் செல்வாக்குடன் விளங்கிய காலத்தில் சேலம் வழக்கறிஞர் வட்டம் அரசியலின் விளைநிலமாக இருந்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1900இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். மூத்தவரான விஜயராகவாச்சாரியாரின் துணிவு இளைய ராஜாஜியின் உள்ளத்தில் பதிந்தது. விஜயராகவாச்சாரியார் போராடித் திரும்பிய அதே சேலம் நகராட்சிக்கு ராஜாஜி 1917 முதல் 1919 வரை தலைவராக இருந்தார். இராசிபுரத்தில் பிறந்த டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு மீது 1918இல் இராஜதுரோக வழக்குத் தொடரப்பட்டபோது, அவருக்காக வாதாடியவரும் ராஜாஜியே.

நாக்பூர் மாநாடு

1920 டிசம்பரில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு விஜயராகவாச்சாரியார் தலைமை தாங்கினார். அப்போது வயது 68. பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட பேராளர்கள் கலந்துகொண்டனர். காங்கிரஸ் அதுவரை கண்டிராத கூட்டம் அது. காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டம் இங்கு உறுதி செய்யப்பட்டது. அமைதியான, நியாயமான வழிகளில் சுயராஜ்ஜியம் அடைவதே குறிக்கோள் என்று காங்கிரசின் கொள்கை திருத்தப்பட்டது. மாகாணக் காங்கிரஸ் குழுக்கள் மொழிவாரியாக அமைக்கப்படலாயின. நீண்ட காலம் காங்கிரசில் இருந்த ஜின்னா மாறுபட்டு வெளியேறியதும் இதன் பின்னரே.

ஒத்துழையாமைத் திட்டத்தின் ஓர் அங்கம் நீதிமன்றப் புறக்கணிப்பு. வழக்கறிஞர்கள் தொழிலைத் துறக்க வேண்டும். மக்கள் தம் வழக்குகளை ஊர்ப் பஞ்சாயத்துகளில் தீர்த்துக்கொள்ள வேண்டும். அரசை அரசின் நீதிமன்றத்திலேயே நிறுத்தி வென்ற ஒருவர், அந்நீதிமன்றங்களைப் புறக்கணிக்கும் தீர்மானம் நிறைவேறிய மேடையில் தலைவராக அமர்ந்திருந்தது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. இவர் காந்தியடிகளின் திட்டத்தை முழுமையாக ஏற்றவர் அல்லர். பொறுப்பாட்சியை அரசியலமைப்பு வழியில் பெற வேண்டும் என்பதே இவரது சாய்வு. இதனைப் பழைமைவாதம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும் இவரது நம்பிக்கை ஆங்கிலேயரின் நல்லெண்ணத்தின் மீது அமைந்ததன்று. எழுதப்பட்ட சட்டத்தை, எழுதியவர் மீதே திருப்ப முடியும் என்னும் சொந்த அனுபவத்தின் மீது அமைந்தது. மறுபுறம், இவருக்கு 1884இல் கிடைத்த நீதி, ஆங்கிலம் கற்காத, வழக்குச் செலவுக்கு வழியற்ற எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும் என்ற கேள்விக்கு இவரது வழியில் விடையில்லை. ராஜாஜி முதலிய இளையோர் தொழிலைத் துறந்து காந்தியடிகளின் பின் சென்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவி, கதர்ப் பணியிலும் தீண்டாமை ஒழிப்பிலும் ஈடுபட்டார்.

அரசியலமைப்பு முயற்சிகள்

பிற்காலத்தில் இவரது கவனம் வருங்கால இந்தியாவின் அரசியலமைப்பின் மீது சென்றது. இந்தியாவுக்கான சுயராஜ்ஜிய அரசியலமைப்பு ஒன்றை வரைந்தார். இந்தியருக்கு இடமளிக்காத சைமன் குழு வந்த அதே காலப்பகுதி அது. உலக நாடுகளின் சங்கம் மனித உரிமைகளுக்குக் காவலாக விளங்கும் என்று நம்பி, இந்தியச் சிக்கலில் தலையிடுமாறு அதற்கு வேண்டுகோள் விடுத்தார். அச்சங்கம் எதுவும் செய்யவில்லை; செய்யும் நிலையிலும் இல்லை. ஆயினும் ஒரு நாட்டு மக்களின் உரிமை அந்நாட்டு அரசின் உள்விவகாரம் மட்டும் அன்று என்ற கருத்து, 1948இல் ஐக்கிய நாடுகள் அவை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்பதற்கு முன்பே சேலத்திலிருந்து ஒலித்தது குறிப்பிடத்தக்கது.

1931இல் அகோலாவில் நடைபெற்ற இந்து மகாசபை மாநாட்டுக்கும் இவர் தலைமை வகித்தார். காங்கிரஸ் தலைவராக இருந்த ஒருவர் இப்பொறுப்பை ஏற்றது இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கலாம். மாளவியா போன்ற சிலர் அக்காலத்தில் இரு அமைப்புகளிலும் பங்கு கொண்டிருந்தனர். எனினும் இவரது பொதுவாழ்வை மதிப்பிடும்போது இதனை விட்டுவிட இயலாது.

சமூகச் சீர்திருத்தக் கருத்துகள்

வைதிகச் சூழலில் வளர்ந்தவராயினும், பெண்களுக்குப் பருவமடைந்த பின்னரே திருமணம் செய்ய வேண்டும் என்றும், தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்கு வேண்டும் என்றும் விஜயராகவாச்சாரியார் வலியுறுத்தினார். தீண்டாமை ஒழிப்புப் பணியில் சுவாமி சிரத்தானந்தருடன் இணைந்து செயல்பட்டு, அதற்குப் பொருளுதவியும் செய்தார்.

இவற்றுள் முதற் கருத்து இவர் காலத்திலேயே ஓரளவு சட்டமாயிற்று: 1929ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என வரையறுத்தது. சொத்துரிமைக்கு நெடுநாள் ஆயிற்று. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவனின் சொத்தில் வரையறுக்கப்பட்ட உரிமை அளித்ததேயன்றி, மகளைக் கண்டுகொள்ளவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்குச் சமபங்கு அளித்தது. பரம்பரைக் கூட்டுச்சொத்தில் பிறப்புரிமை தரவில்லை. தமிழ்நாடு 1989இல் தன் திருத்தச் சட்டத்தால் அதனையும் வழங்கியது. நாடு முழுதும் இது நடைமுறைக்கு வந்தது 2005இல். விஜயராகவாச்சாரியார் மறைந்து அப்போது அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

மறைவும் நினைவும்

விஜயராகவாச்சாரியார் 1944 ஏப்ரல் 19 அன்று, தமது 91ஆம் வயதில் காலமானார். நாடு விடுதலை பெற மூன்றாண்டுகளே இருந்தன. சேலத்தில் இவர் பெயரால் நினைவு நூலகமும் சொற்பொழிவு மண்டபமும் நிறுவப்பட்டன.

இவர் தொடுத்த வழக்கைப் படிக்க விரும்பும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னைத் தொகுதி 7இல், 466ஆம் பக்கத்தில் தொடங்கும் அத்தீர்ப்பு, விஜயராகவாச்சாரியார் என்ற பெயரில் இடம்பெறவில்லை. விஜய ராகவா எதிர் இந்தியாவுக்கான அரசுச் செயலாளர் என்பதே அங்குள்ள தலைப்பு. சாதிப்பின்னொட்டும் ஊர்ப்பெயரும் இன்றி இருப்பதால், சேலம் வீரரின் வழக்கு இதுதான் என்பதைத் தேடுவோர் பலர் அறியாமலே கடந்துவிடுகின்றனர்.